பெடிகிரி

நாணயம் சேகரிப்போர் ஒரு காசின் பூர்வ உடைமையாளர் வரிசையைச் சுட்டுதற்கு வழங்கும் ‘பெடிகிரி’ என்னும் ஆங்கிலச் சொல், வமிசாவளிப் பட்டியல்களில் தந்தை பெயரினின்று மக்கள் பெயர்களுக்குக் கிளைத்திறங்கிய கோடுகள் நாரையின் விரிந்த பாதத்தை ஒத்திருந்தமையால், ‘நாரையின் கால்’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரினின்று பிறந்தது. மனித குலத்துக்குரிய இச்சொல் உலோகத்துக்கும் பொருந்திவருவது அழகே. ஆயினும் ஒரு பேதம் உண்டு: காசின் வமிசம் கிளைப்பதில்லை, ஒரு கையினின்று மறுகைக்கு ஒற்றைக் கோடாகவே இறங்குகிறது. சான்றாக, 1804 என்னும் ஆண்டைத் தாங்கியிருந்தும் உண்மையில் 1834-ஐ ஒட்டி அச்சிடப்பெற்ற அமெரிக்க வெள்ளி டாலர்களுள் ஒன்றை, 1843இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் தம் பழங்காசுகளை ஈடாகக் கொடுத்து நாணயச் சேகரிப்பாளர் மாத்யூ ஸ்டிக்னி பெற்றார். அது பல கைகள் மாறி, 1946இல் பால்டிமோர் வங்கியாளர் லூயிஸ் எலியாஸ்பெர்க்கை அடைந்தது. இன்றும் அவ்விருவர் பெயராலேயே அதனை அழைக்கின்றனர்.