கேபிளும் கரண்ட்டும்

ரேஸ் கோர்ஸில் என்னோடு நடக்கும் நண்பர் போன வாரம் சொன்னார்: "இந்த ஃபேஸ்புக்கு, வாட்ஸ்அப்பு எல்லாத்தையும் கரண்ட்டு மாதிரி கவர்மென்ட்டே எடுத்து நடத்தோணுங்க." எனக்கு உடனே கேபிள் டிவி ஞாபகம் வந்தது.

மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கறுப்பு ஒயர் தொங்கிய காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். 1995இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கேபிள்காரர் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். (தபால் ஆபீசுக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது சிரித்தோம்.) தெருவுக்கு ஓர் ஆபரேட்டர் இருந்தாலும், அவர்களுக்குச் சேனல்களை மொத்தமாகக் கொடுத்த கம்பெனிகள் சிலதான். அவற்றில் பெரியது, சன் டிவி குடும்பத்தின் சுமங்கலி கேபிள் விஷன்.

2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு அதைக் கையகப்படுத்த மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் பர்னாலா அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார், அது சட்டமாகவில்லை. மே மாதம் ஆட்சி மாறியது. அந்த மசோதாவை எதிர்த்த திமுகவே, 2007இல் மாறன் சகோதரர்களோடு மனக்கசப்பு வந்ததும், அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷனைத் தொடங்கியது. கோவையிலும் ஒரு கட்டுப்பாட்டு நிலையம் அமைத்தார்கள். குடும்பம் சமாதானமானது, கார்ப்பரேஷன் தூங்கிவிட்டது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அதை எழுப்பினார். மாதம் 70 ரூபாய். அதில் 20 ரூபாய் கார்ப்பரேஷனுக்கு, மீதி ஆபரேட்டருக்கு. எங்கள் வீட்டிலும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.

மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது என்று டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. டிஜிட்டல் உரிமம் கிடைக்க 2017 வரை ஆனது.

அடுத்த ஆண்டே, 2018 ஜூனில், நம்ம கோவையில் புதிய தலைமுறை சேனல் நடத்திய விவாத மேடையில் ரகளை. பேசிய இயக்குநர் அமீர் மீதும் சேனல் மீதும் வழக்கு. அதே சமயம் அரசு கேபிளில் அந்தச் சேனலின் எண் வெகு பின்னால் தள்ளப்பட்டதாகச் செய்தி வந்தது. சேனலை நிறுத்தவில்லை, தேடிப் போகிறவருக்கு இருக்கும். இன்றைக்கு ஃபேஸ்புக்காரர்கள் ஒரு பதிவைக் கீழே தள்ளுவதும் ஏறக்குறைய இதுதானே?

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஈ.பி.க்காரங்க நீங்க எந்தப் பேப்பர் படிக்கறீங்கன்னு பார்த்தா லைன் குடுக்கறாங்க? கட்டணத்தைக்கூட ஒழுங்குமுறை ஆணையம்தான் முடிவு பண்ணுது. கேபிளுக்கு அந்த விதியைப் போடாம ஒயரை மட்டும் எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப நாஞ் சொன்னது தப்புங்களா?"

"பாதி சரிங்க," என்றேன். அதற்குள் டீக்கடை வந்துவிட்டது.