இன்மையின் புகழ்: ரோல்ஸ்-ராய்ஸ் பெயரும் அதன் சாட்சிகளும்

முன்னுரை

1907ஆம் ஆண்டு லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவுபகலாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிநிறக் கார் 629ஆவது மைலில் நின்றது. சாலையின் அதிர்வில் பெட்ரோல் குழாயின் திருகு தானாக மூடிக்கொண்டிருந்தது. திருகைத் திறந்துவிட்டுப் புறப்பட்ட பிறகு அந்தக் கார் 14,371 மைல் தூரம், அதாவது 23,000 கிலோமீட்டருக்கும் மேல், எந்தக் கோளாறாலும் நிற்கவில்லை. ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கண்காணிப்பில் நடந்த ஓட்டம் அது. அந்தச் சிறு நிறுத்தமும் பதிவேட்டில் ஏறியது.

ரோல்ஸ்-ராய்ஸின் புகழுக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. ஒன்று, அது மேலான பொறியியலின் இயல்பான பலன் என்பது. மற்றொன்று, அரச குடும்பங்களும் விளம்பரமும் சேர்ந்து கட்டிய மாயை என்பது. இரண்டுமே போதாதவை என்று இக்கட்டுரை வாதிடுகிறது. இந்த நிறுவனம் பெயர் பெற்றது இரண்டு இன்மைகளால்: ஓசை இன்மை, பழுது இன்மை. இருப்பதைக் கண்ணுக்குக் காட்டலாம். இல்லாததைக் காட்ட ஒரு சாட்சி வேண்டும். ஆகவே ரோல்ஸ்-ராய்ஸின் வரலாற்றை அதன் சாட்சிகள் மாறிய வரலாறாகவே படிக்க வேண்டும்.

இதற்கான கருவி தமிழ் மரபிலேயே உண்டு. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, ஒன்றை அறியும் வழிகளாகப் பத்து அளவைகளை எண்ணுகிறது. நேரில் அறியும் காண்டல், இன்மையை அறியும் அபாவம், உலகோர் வழிவழியாகச் சொல்லிவருவதை நம்பும் ஐதிகம் ஆகியவை அவற்றுள் அடங்கும். மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்வதை ஏற்பது ஐதிகத்துக்கு அந்நூல் தரும் எடுத்துக்காட்டு. இந்தக் காரின் புகழ் காண்டலில் பிறந்து ஐதிகத்துக்கு நகர்ந்தது. இறுதியில் எந்த அளவையிலும் அடங்காத வெறும் சொத்துரிமையாகவும் ஆனது.

1. மூவர் கூட்டு

ஹென்றி ராய்ஸ் 1863இல் இங்கிலாந்தின் ஆல்வால்டன் என்ற சிற்றூரில், நொடித்துப்போன ஒரு மாவு ஆலைக்காரரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். செய்தித்தாள் விற்றார், தந்தி கொண்டுசென்றார். அத்தை பணம் கட்ட, பீட்டர்பரோ ரயில் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். அத்தையின் கையிருப்பு தீர்ந்ததும் பயிற்சி பாதியில் நின்றது. 1884இல் எர்னெஸ்ட் கிளேர்மான்ட் என்ற கூட்டாளியுடன் மான்செஸ்டரில் மின்சாதனத் தொழில் தொடங்கியபோது ராய்ஸ் போட்ட முதல் 20 பவுண்டு. டைனமோவும் மின்சாரக் கிரேனும் அங்கே உருவாயின.

பின்னாளில் ராய்ஸ் பழைய டெக்கோவில் கார் ஒன்றை வாங்கினார். அந்தப் பிரெஞ்சு வண்டியின் குறைகள் அவரை உறுத்தின. புதுமை எதையும் தேடாமல், இருப்பதையே செம்மையாகச் செய்ய முனைந்தார். அவரது முதல் கார் 1904 ஏப்ரல் 1 அன்று சாலைக்கு வந்தது. ராய்ஸின் இயல்பு முழுவதும் இந்தத் தொடக்கத்தில் இருக்கிறது: பிறர் கண்டுபிடித்ததை எடுத்து, அதன் குறைகளை ஒவ்வொன்றாகக் களைவது. இன்மையை உண்டாக்கும் வேலை என்பது இதுதான்.

சார்லஸ் ரோல்ஸ் பிரபு குடும்பத்துப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். லண்டனில் வெளிநாட்டுக் கார்களை விற்றுவந்தவர். 1904 மே 4 அன்று மான்செஸ்டரின் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தனர். ராய்ஸ் செய்யும் கார்கள் அனைத்தையும் ரோல்ஸே விற்பது என்ற ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பரில் கையெழுத்தானது. 1906 மார்ச்சில் நிறுவனம் பதிவானது.

மூன்றாமவர் கிளாட் ஜான்சன். இருவர் பெயர்களுக்கும் இடையே உள்ள சிறுகோடு இவரே என்று வரலாற்றில் அழைக்கப்படுபவர். ஆட்டோமொபைல் கிளப்பின் முதல் செயலாளராக இருந்து, 1900இல் ஆயிரம் மைல் சோதனை ஓட்டத்தை நடத்தியவர். பழகாத ஒரு பொறியைப் பொதுமக்கள் நம்ப வேண்டுமானால், அதைப் பொதுவெளியில் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். ராய்ஸ் இன்மையை உண்டாக்கினார். ஜான்சன் அதற்குச் சாட்சியைக் கொண்டுவந்தார்.

2. காண்டல்

1906 நவம்பரில் ஒலிம்பியா கண்காட்சியில் 40/50 குதிரைத்திறன் கார் அறிமுகமானது. ஏழு லிட்டர் அளவுள்ள ஆறு சிலிண்டர் என்ஜின் அதற்கு. அக்காலத்து ஆறு சிலிண்டர் என்ஜின்களுக்கு ஒரு நோய் இருந்தது. நீண்ட கிராங்க் தண்டு சுழலும்போது முறுக்கி அதிர்ந்து, சில வேளை முறிந்தும் போகும். ராய்ஸ் ஆறு சிலிண்டர்களையும் மூன்று மூன்றாகப் பிரித்து எதிரெதிரே வைத்ததுபோல் அமைத்தார். தண்டைத் தடிமனாக்கி ஏழு பேரிங்குகளில் தாங்கினார். எண்ணெயை அழுத்தத்தோடு அவற்றுக்குச் செலுத்தினார். காரின் அடிச்சட்டமான சேஸின் இணைப்புகளில் ரிவெட் அடிப்பதைவிட, துளையைச் சரிவாகக் கடைந்து அதற்கேற்ற போல்ட்டைப் பொருத்துவதையே விரும்பினார். அந்தக் கார் அமைதியாக ஓடியதற்குக் காரணங்கள் இவை. மேலே எதையும் போர்த்தி ஓசையை மறைக்கவில்லை. ஓசை பிறக்கும் இடத்திலேயே அதைத் தடுத்தார்கள்.

ஜான்சன் பன்னிரண்டாவது சேஸுக்கு வெள்ளி வண்ணம் பூசி, சில்வர் கோஸ்ட் என்று பெயரிட்டார். ஆவிபோல் ஓசையின்றி வரும் என்பது பொருள். 1907 ஓட்டம் முடிந்ததும் கிளப்பின் ஆட்கள் காரைப் பிரித்துப் போட்டு அளந்து பார்த்தார்கள். தேய்ந்தவற்றை மாற்றிப் புதிய நிலைக்குக் கொண்டுவர ஆன பாகங்களின் விலை 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். பழுதின்மை இங்கே தொகையாகவே எழுதப்பட்டுவிட்டது. இதைவிடத் துல்லியமாக ஓர் இன்மையைச் சொல்ல முடியாது.

தோல்விகளும் இதே வெளிச்சத்தில்தான் நடந்தன. 1912இல் ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைச் சோதனையில் ஜேம்ஸ் ராட்லி ஓட்டிய கார் கட்ஷ்பெர்க் கணவாயின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. மூன்று கியர் மட்டுமே இருந்த பெட்டி அந்தச் செங்குத்துக்குப் போதவில்லை. நிறுவனம் நான்கு கியர் பெட்டியுடன் 1913இல் அதே மலைக்குத் திரும்பி வந்து சிறப்பாக ஓடிக்காட்டியது. குறையைப் பிறர் கண்முன் ஒப்புக்கொண்டு, அதே இடத்தில் தீர்த்த இந்தச் செயலை, வெற்றிகளைவிட வலுவான சான்றாக நான் கருதுகிறேன். தோற்கவே முடியாத சோதனையில் வெல்வதற்குப் பொருள் இல்லை.

3. சொகுசு யாருடையது?

ரோல்ஸ்-ராய்ஸ் என்றதும் இன்று மனத்தில் எழுவது மென்தோல் இருக்கையும் வழவழப்பான மரப்பலகையும். ஆனால் இரண்டாம் உலகப்போர் வரை நிறுவனம் விற்றது சேஸ், என்ஜின், ரேடியேட்டர் ஆகியவற்றை மட்டுமே. வாங்கியவர் அந்தச் சேஸைக் கொண்டுபோய் பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்ட் போன்ற பட்டறைகளில் தம் விருப்பப்படி பாடி கட்டிக்கொண்டார். தொழிற்சாலையே பாடியும் கட்டி முழுக் காராக விற்ற முதல் ரோல்ஸ்-ராய்ஸ், 1949இல் வந்த சில்வர் டான்.

இந்தச் செய்தி நம் வாதத்துக்கு முக்கியமானது. சொகுசே புகழின் வேர் என்றால் அந்தப் புகழ் ஹூப்பருக்கும் பார்க்கருக்கும் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர்களின் பெயர்கள் இன்று ஆர்வலர்களுக்கு மட்டுமே தெரியும். கண்ணுக்குத் தெரிந்த அழகைச் செய்தவர்கள் மறக்கப்பட்டார்கள். மூடிக்குள் இருந்த அமைதியைச் செய்தவர்களின் பெயர் நின்றது.

விமான என்ஜின்களும் இதற்குத் துணைநின்றன. 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கை நிற்காமல் கடந்த விமானத்தில் இருந்தவை இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் ஈகிள் என்ஜின்கள். இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தை மெர்லின் என்ஜின் இயக்கியது. கடலுக்கு மேல் பறப்பவனுக்குப் பழுதின்மை உயிர்ப் பிரச்சினை. அவனுடைய உயிரே சாட்சியாக நின்றது.

4. ஐதிகம்

போருக்குப் பிந்தைய காலத்தில் சாட்சியின் தன்மை மாறுகிறது. 1958இல் டேவிட் ஓகில்வி எழுதிய விளம்பரம், மணிக்கு 60 மைல் வேகத்தில் காருக்குள் கேட்கும் மிகப்பெரிய ஓசை மின்கடிகாரத்தினுடையதே என்று சொன்னது. அதை ஒரு மோட்டார் இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் கூற்றாகவே விளம்பரம் எடுத்துவைத்தது. அதாவது, வெளிச்சாட்சி தேவை என்ற பழைய நினைவு இன்னும் இருந்தது. ஆனால் படித்தவர் நெஞ்சில் தங்கியது சாட்சியின் பெயரன்று, கடிகாரம்தான். இங்கே அளவீடு கதையாகத் தொடங்குகிறது.

சாட்சியே இல்லாமலும் கதைகள் தாமே நடந்தன. வெளிநாட்டு மலைச்சாலையில் அச்சு முறிந்ததாம்; நிறுவனம் ஆள் அனுப்பிச் சரிசெய்ததாம்; பின்னர் பணம் கட்டக் கேட்டபோது, எங்கள் காரில் அச்சு முறிவதில்லை என்று பதில் வந்ததாம். சொல்பவருக்கேற்ப மலையும் நாடும் மாறுகின்றன. நம் நாட்டில் பரவிய கதை, லண்டன் கடையில் அவமதிக்கப்பட்ட மகாராஜா கார்களை வாங்கிவந்து குப்பை அள்ள விட்டார் என்பது. அந்த மகாராஜா ஒருவர் சொல்ல ஆல்வார் மன்னர், இன்னொருவர் சொல்ல பரத்பூர் மன்னர், வேறொருவருக்குப் பாட்டியாலா மன்னர். ஒரே நிகழ்ச்சிக்கு இத்தனை நாயகர்கள் இருப்பதே அது ஐதிகம் என்பதற்கு அடையாளம்.

இக்கதைகளைப் பொய் என்று தள்ளிவிடுவது ஆய்வாளருக்குப் போதாது. முதல் கதை பழுதின்மையைப் புகழ்கிறது. இரண்டாவது கதை அந்தப் புகழையே ஆயுதமாக்கி, காலனிய இறுமாப்பைத் திருப்பி அடிக்கிறது. உலகின் மிக உயர்ந்த பொருள் எது என்பதில் கேட்பவர்களுக்கு ஐயமே இல்லாதபோதுதான் அதைக் குப்பை வண்டியாக்குவது பழிவாங்கலாகும். ஆக, சான்று மறைந்த பிறகும் நம்பிக்கை எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதற்கு இக்கதைகளே ஆவணம்.

5. பெயர் தனியே பிரிந்தபோது

1971 பிப்ரவரியில் நிறுவனம் திவாலானது. காரணம் கார் அன்று. லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்துக்கான ஆர்பி211 என்ஜினை உருவாக்க ஆன அளவுமீறிய செலவு. விமானப் பிரிவை அரசு ஏற்றது. கார் பிரிவு தனி நிறுவனமாகி, 1980இல் விக்கர்ஸ் கைக்குப் போனது.

1998இல் விக்கர்ஸ் அதை விற்றபோது நடந்தது வணிக வரலாற்றின் அரிய பாடம். பிஎம்டபிள்யூ 340 மில்லியன் பவுண்டு தர முன்வந்தது. ஃபோக்ஸ்வேகன் 430 மில்லியன் கொடுத்து வென்றது. குரூ நகரத்துத் தொழிற்சாலையும், ரேடியேட்டரின் வடிவமும், காரின் முகப்புக்காக 1911இல் சார்லஸ் சைக்ஸ் வடித்த பறக்கும் பெண் உருவமும் ஃபோக்ஸ்வேகனுக்குக் கிடைத்தன. ஆனால் ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயர் விமான என்ஜின் நிறுவனத்தின் உடைமையாக இருந்தது. அது அந்தப் பெயரை 40 மில்லியன் பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவுக்கு உரிமம் தந்தது. உடல் ஒருவரிடம், பெயர் மற்றொருவரிடம் என்ற நிலை. இறுதியில் உடன்பாடு ஏற்பட்டு, 2003 முதல் பிஎம்டபிள்யூ குட்வுட்டில் புதிதாகக் கட்டிய தொழிற்சாலையில் ரோல்ஸ்-ராய்ஸ் கார்களைச் செய்கிறது. குரூ ஃபோக்ஸ்வேகனின் பென்ட்லி கார்களிடம் நின்றது. கைத்திறன் பழகிய ஊரும் பெயரும் அத்தோடு பிரிந்தன.

6. ஒரு மறுப்பு

1907 ஓட்டமும் விளம்பரம்தானே, கண்காணித்த கிளப்பின் முன்னாள் செயலாளரே ஜான்சன் அல்லவா, அந்தச் சாட்சியை எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜான்சனின் நோக்கம் விற்பனை என்பதில் ஐயமில்லை. ஆனால் சான்றின் வலிமை நோக்கத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. அந்த ஓட்டத்தில் கார் முறிந்திருந்தால் நாடே அறிந்திருக்கும். 629ஆவது மைலின் நிறுத்தம் மறைக்கப்படாமல் நமக்கு வந்து சேர்ந்திருப்பதே பதிவின் நேர்மையைக் காட்டுகிறது. தன்னைப் பொய்யாக்கக்கூடிய கேள்விக்குத் தன்னை ஆட்படுத்தும் விளம்பரம் வேறு. பெருமையை மட்டும் சொல்லும் விளம்பரம் வேறு.

முடிவுரை

2022இல் ரோல்ஸ்-ராய்ஸ் உலகெங்கும் 6,021 கார்களை விற்றது. பெயரின் விலை குறையவில்லை. அதன் பொருள்தான் மாறுகிறது. 2017இல் வந்த ஃபாண்டம் காரில் ஓசைத் தடுப்புக்கு மட்டும் 130 கிலோவுக்கு மேல் பொருள் சேர்க்கப்பட்டது. ராய்ஸ் குறையைக் களைந்து பெற்ற அமைதியை அவர் வழிவந்தவர்கள் எடையைச் சேர்த்துப் பெறுகிறார்கள்.

2023இல் வாடிக்கையாளருக்குப் போகத் தொடங்கிய ஸ்பெக்டர் முழு மின்சாரக் கார். மின்சாதனம் செய்து தொழில் தொடங்கிய ராய்ஸுக்கும், மின்சாரக் காரின் அமைதியை 1900இலேயே பாராட்டிய ரோல்ஸுக்கும் அது பொருத்தமான வாரிசு. ஆனால் என்ஜின் ஓசை எல்லா மின்சாரக் கார்களிலிருந்துமே போய்விட்டது. எளிய குடும்பத்து மின்சாரக் காரும் இன்று ஆவிபோல் வருகிறது. இந்தப் பெயர் நூறாண்டு தனதென்று வைத்திருந்த இன்மை பொதுச் சொத்தாகிவிட்டது.

மீதமிருப்பது மற்றோர் இன்மை, பழுதின்மை. ஸ்பெக்டரை 25 லட்சம் கிலோமீட்டர் சோதித்ததாக நிறுவனம் அறிவித்தது. 1907இன் தூரத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். உழைப்பில் குறையில்லை. ஆனால் ஓட்டியதும் அளந்ததும் அறிவித்ததும் நிறுவனமே. அன்று கணக்கை எழுதியது வேறொருவர் கை. அந்தக் கைதான் இந்தப் பெயரை உண்டாக்கியது. ரோல்ஸ்-ராய்ஸ் தன் மரபைக் காக்க விரும்பினால், மரப்பலகையையும் மென்தோலையும்விட அது மீட்டெடுக்க வேண்டியது பதிவேட்டோடு உடன்வரும் அந்த அயலாரைத்தான்.