துப்பறியும் கதையும் மணிபல்லவமும்

மேனாட்டாரிடையே பெருவழக்காயுள்ள புனைகதை வகைகளுள் சிற்றூர்க் கொலைக்கதை என்பதும் ஒன்று. பண்டிகைக் காலம், ஒருவரையொருவர் நன்கறிந்த சிற்றூர், எதிர்பாரா வகையில் ஒரு கொலை. காவற்படையினர் திகைத்து நிற்க, பாணும் கேக்கும் சுட்டு விற்கும் பெண்ணொருத்தி மெய்க்குற்றவாளி யாரென்பதைத் தன் கூர்மதியாற் காண்கின்றாள். இக்கதைகளை வெறும் பொழுதுபோக்கெனக் கற்றோர் ஒதுக்குவதுண்டு. ஆயினும் அரசின் ஏவல் பெறாத ஒருவர் உண்மையைத் தேடித் துணியலாம் என்னும் கருத்தே இவற்றின் உயிர்நிலை. அக்கருத்துத் தமிழர்க்குப் புதியதன்று என்பதையும், எமது தீவகத்தோடு அதற்குத் தொடர்புண்டு என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

இக்கால வழக்கிலுள்ள துப்பறியும் கதைக்கு வித்திட்டவர் அமெரிக்க எழுத்தாளராகிய எட்கார் அலன் போ என்பர். அவர்தம் முதற் துப்பறியும் கதை 1841இல் வெளிவந்தது. 1887இல் ஆதர் கொனன் டொயில் சேர்லொக் ஹோம்ஸ் என்னும் பாத்திரத்தைப் படைத்தார். இவ்விருவர் காட்டிய துப்பறிவாளரும் பெருநகரத்து ஆடவரே. அகதா கிறிஸ்டி 1930இல் வெளியிட்ட நாவலிலோ மிஸ் மார்ப்பிள் என்னும் முதியவள் தோன்றினாள். பின்னல் வேலையோடு தன் ஊராரின் இயல்பைக் கூர்ந்து நோக்கியிருந்தமையே அவளது கருவி. கிறிஸ்டியே 1938இல் நத்தார் விழாவைக் களமாகக் கொண்டும் ஒரு கொலைக்கதை எழுதினார். இம்மரபின் வழியே, அமெரிக்காவில் ஜோன் புளூக் என்பார் 2000ஆம் ஆண்டில் இனிப்புப் பண்டம் சுடும் பெண்ணொருத்தியைத் துப்பறிவாளராக்கினார்.

தமிழில் 1894இல் பண்டித நடேச சாஸ்திரியார் பொலிஸ் நிபுணன் ஒருவனைத் தலைவனாகக் கொண்ட துப்பறியும் கதைகளை வெளியிட்டார். அவருக்குப்பின் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் இத்துறையிற் பெரும்புகழ் ஈட்டினர். இவை மேனாட்டு நாவல்களின் செல்வாக்கால் எழுந்தவை என்பது உண்மை. எனினும் கொலை, பொய்க்குற்றச்சாட்டு, சான்று, தெளிவு என்னும் கதைப்போக்கினை யாம் மேனாட்டிலிருந்தே பெற்றோம் என்பது பொருந்தாது.

சிலப்பதிகாரத்தை நோக்குக. புகார் நகரின் இந்திரவிழாவிலே கோவலனும் மாதவியும் பிரிவதற்குரிய ஊடல் பிறக்கின்றது. மதுரையிலே பொற்கொல்லன் தான் செய்த களவைக் கோவலன்மேற் சுமத்துகின்றான். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்த பாண்டியன் ஆராயாது ஆணையிடுகின்றான். காவலர் சிலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையென்று தயங்குகின்றனர்; அத்தயக்கம் மதிக்கப்படவில்லை. ஈற்றில் உண்மையை நிலைநாட்டுபவள் யார்? ஆயர்சேரியிலே அன்று தன் கையாற் சமைத்துக் கணவனுக்கு அமுதிட்ட கண்ணகி. தன் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து என்னும் வேறுபாட்டினை அவையிலே உடைத்துக் காட்டுகின்றாள். அவள் கொண்டுசென்றது கண்ணீர் மாத்திரமன்று, சான்றும் ஆகும்.

மணிமேகலையில் வரும் கொலை இன்னும் சிக்கலானது. மணிமேகலை காயசண்டிகையின் உருக்கொண்டு, அமுதசுரபியினாற் பசித்தோர்க்கு உணவளிக்கின்றாள். காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் அவளைத் தன் மனைவியென்றே கருதி, நள்ளிரவில் அவளை நாடிவந்த இளவரசன் உதயகுமரனை வாளால் வெட்டிக் கொல்கின்றான். ஆள்மாறாட்டத்தினால் விளைந்த கொலையிது. இங்கே உண்மையை உரைப்பது தூணிலுள்ள தெய்வப்பாவை, மனித ஆராய்ச்சியன்று. இவ்வகையில் இக்காப்பியம் இக்காலத் துப்பறியும் கதையின் வேறுபட்டதே. எனினும் செய்தியறிந்த சோழமன்னன், இறந்தவன் தன் மகனென்பதாற் சினந்து பழிவாங்க முற்படாது, மகனின் தவற்றையே முதலில் எண்ணுகின்றான். பாண்டியன் தவறிய இடத்தில் அவன் தவறவில்லை.

அந்த அமுதசுரபி மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலே வைகாசித் திங்கள் விசாக நாளில் தோன்றுவது என்று காப்பியம் கூறும். மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்பர் அறிஞர் பலர். வேறிடம் கூறுவாரும் உளர். கண்ணகியோ புங்குடுதீவிலே கண்ணகை அம்மனாக வழிபடப்பெறுகின்றாள். நீதி கேட்ட பெண்ணையும் பசி தீர்த்த பெண்ணையும் ஒருங்கே நினைவிற் கொண்ட நிலம் இத்தீவகம்.

இந்நிலத்தில் எழுதிய சட்டமும் இருந்தது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்பட வேண்டும் என்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடையுமாயின் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகச் சரக்கேற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. கரையொதுங்கிய அயலானுடைய பொருளுக்கும் முறையுண்டு என்று கல்லிற் பொறித்த கரை இது.

பாண் சுடும் பெண்ணைத் துப்பறிவாளராக்கியதன் பொருத்தமும் எண்ணத்தக்கது. பாண் என்னும் சொல்லும், அதனைச் சுடும் போறணை என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் வழியாக எம்மிடம் வந்தன. போறணையில் வேலை செய்பவர் விடியுமுன் விழித்திருப்பர். எவர் வீட்டில் விருந்தினர் வந்துள்ளனர், எவர் வழக்கமான பாணை வாங்க வரவில்லை என்பவற்றை அறிவர். அத்தகைய சிற்றறிவு பேரறிவினர் காணாததைக் காணும் என்பதே இக்கதைகளின் துணிபு.

ஆனாற் கதையில் ஈற்றதிகாரத்தில் தவறாது கிடைக்கும் தெளிவு வாழ்வில் எப்போதும் கிடைப்பதில்லை. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அக்கொலைக்கு நீதிமன்றத் தீர்ப்பெதுவும் எழவில்லை. 2015 மே மாதத்திலே புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருத்தி கொல்லப்பட்டபோது, ஊராரும் மாணவரும் வீதியில் நின்று நீதி கோரினர். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திற் கூடிய மூவரடங்கிய விசேட நீதிமன்று எழுவருக்கு மரணதண்டனை விதித்தது. ஒன்றிற் சான்று மன்றேறியது; மற்றையதில் மரணச்செய்தி மாத்திரமே எஞ்சியது.

ஊரார் கேட்கும் கேள்விக்குப் பயனுண்டு என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. ஆயினும் ஐயம் வேறு, சான்று வேறு. ஐயத்தையே சான்றாகக் கொண்டு விரைந்தமையாலேதான் பாண்டியன் கெட்டான். எம் மாணாக்கர் துப்பறியும் கதைகளை விரும்பிப் படிப்பாராயின் யாம் தடுக்க வேண்டுவதில்லை. கொலைஞன் யாரென்று ஊகிப்பதோடு நில்லாது, அவ்வூகத்துக்குச் சான்று யாதென்று வினவவும் அவர்களைப் பழக்குவோமாக. அரசன் முன்னிலையிலே சிலம்பை உடைத்துக் காட்டியவள் கற்பித்த பாடம் அதுவே.