முடி காணா மார்செல்லஸ்

உரோமப் பேரரசின் முதல் அரசரான அகஸ்டசுக்கு ஆண் மகவு இல்லை. தமக்கை ஒக்டேவியாவின் மகன் மார்செல்லஸ் மீதே அவர் பார்வை பதிந்தது. கி.மு. 42இல் பிறந்த அம்மருமகனுக்குக் கி.மு. 25இல் தம் ஒரே மகள் ஜூலியாவை மணமுடித்தார். உயர் பதவிகளை உரிய அகவைக்கு முன்பே ஏற்கும் சலுகையை ஆட்சி மன்றமும் அவனுக்கு வழங்கிற்று.

கி.மு. 23இல் அகஸ்டஸ் கடும் நோயுற்றார். அப்போது அவருடைய முத்திரை மோதிரம் சென்றது மார்செல்லசிடம் அன்று, படைத்தலைவர் அக்ரிப்பாவிடம். மருத்துவர் மூசாவின் குளிர்நீர்ச் சிகிச்சையால் அகஸ்டஸ் பிழைத்தார். அதே ஆண்டில் நோயுற்ற மார்செல்லசை அச்சிகிச்சை காக்கவில்லை. நேப்பிள்சுக்கு அருகிலுள்ள பாயே நகரில், இருபது அகவை நிறையுமுன் அவன் மறைந்தான். அகஸ்டஸ் தமக்கெனக் கட்டிய கல்லறை மாடத்தில் முதலில் இடம்பெற்றது அவன் சாம்பலே.

அவன் பெயர் தாங்கிய அரங்கின் ஒரு பகுதி உரோமில் இன்றும் நிற்கிறது. அதனினும் உறுதியான நினைவுச் சின்னத்தை எழுப்பியவர் வெர்ஜில். 'ஈனியட்' காப்பியத்தின் ஆறாம் காண்டத்தில், இனிப் பிறக்கவிருக்கும் உயிர்களின் வரிசையில் அவனை நிறுத்தினார். அப்பகுதியைக் கவிஞர் படிக்கக் கேட்ட ஒக்டேவியா மயங்கி வீழ்ந்தார் என்பது பழைய வரலாற்றுக் குறிப்பு.

பாடுதற்குரிய பெருவெற்றி எதுவும் அவ்விளைஞனுக்கு இல்லை. நிறைவேறாமையே அங்குப் பாடுபொருளாயிற்று. அரியணை கி.பி. 14இல் திபேரியசுக்குப் போயிற்று. காப்பியத்தில் பெற்ற இடம் மார்செல்லசுக்கே நிலைத்தது.