கறுத்துப்போன மஞ்சள்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை அடுத்த மணலில், விடியற்காலையில் படமெடுத்துக்கொள்ள வருகிறவர்களை அண்மையில் பார்த்துக்கொண்டிருந்தேன். படக்காரர் லென்ஸைத் துடைத்து முடிப்பதற்குள் ஒப்பனைப் பெட்டி திறந்துவிட்டது. மாநிறப் பெண்ணொருத்தியின் முகம் கழுத்தைவிட இரண்டு படி வெளுத்தது. "போடலேன்னா படத்துல கறுப்பா தெரியும்மா" என்றார் ஒப்பனை செய்த அம்மாள். ஒரு காலத்தில் இது பொய்யன்று என்பதுதான் வேடிக்கை.

1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டு. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் தோன்றியபோது இங்கே புழங்கிய தகடும் தாளும் இத்தன்மையவே. நம் பெண்களை எண்ணிப் பாருங்கள். மஞ்சள் பூசிக் குளித்த முகம், நெற்றியில் குங்குமம். மங்கலத்துக்கென்று பூசிய மஞ்சளே படத்தில் முகத்தைக் கறுக்க வைத்தது. பழுப்புத் தோல் அசலைவிட இருண்டது. (வெள்ளைக்காரரும் தப்பவில்லை, அவர்களின் நீலக் கண்கள் வெளிறி, கன்னத்துச் செம்புள்ளிகள் கரும்புள்ளிகளாயின.) எனவே முகத்துக்குப் பவுடர், நெகடிவ்வில் பென்சிலால் 'டச்சிங்' என்று ஸ்டூடியோக்கள் இயந்திரத்தின் குருட்டுத்தனத்தை ஈடுகட்டின.

1873இல் ஹெர்மன் வோகல், சாயம் சேர்த்தால் தகடு பிற நிறங்களையும் உணரும் எனக் கண்டார். அவ்வழி வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளுக்கு மஞ்சள் தெரிந்தது, சிவப்பு தெரியவில்லை. 1940களில் செங்கல்பட்டு ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த என் பாட்டியின் படத்தில் பொட்டு மைக்கறுப்பு. சாந்துப் பொட்டு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். குங்குமம்தான் என்று அம்மா சொல்லித் தெரிந்தது.

எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் படச்சுருள் திரைப்படத்தில் பரவியதும், 1928இல் மாக்ஸ் ஃபாக்டர் அதற்கென்றே தனி ஒப்பனையை உருவாக்கினார். பின்னர் வந்த அவருடைய 'பான்கேக்' ஜெமினி ஸ்டூடியோவில் எவ்வளவு தாராளமாகப் பூசப்பட்டது, பார்க்கத்தக்க முகங்களும் அதனால் எவ்வளவு விகாரமாயின என்பதை அசோகமித்திரன் தமக்கேயுரிய அடங்கிய நகைப்புடன் எழுதியிருக்கிறார்.

தகட்டின் குறை தீர்ந்தது. பவுடர் மட்டும் போகவில்லை. பழைய தொழில்நுட்பக் காரணம் நிறம் பற்றிய நம் பழைய ஆசைக்கு மறைவிடமாயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது. வண்ணச்சுருள் வந்த காலத்தில் கோடாக் நிறுவனத்தின் 'ஷெர்லி' அட்டையில், வண்ணம் சரிபார்க்க நெடுங்காலம் அளவுகோலாய் இருந்ததும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே. இன்றைய டிஜிட்டல் காமிராவுக்கு மாநிறத்தைக் காண்பதில் தடையில்லை. உண்மையில், டைட்டானியம் டையாக்சைடு கலந்த பவுடர்தான் ஃபிளாஷ் வெளிச்சத்தில் சாம்பல் பூத்துக் காட்டிக்கொடுக்கிறது. 2017இல் சென்னையில் பரத்வாஜ் சுந்தரும் படக்கலைஞர் நரேஷ் நிலும் கறுத்த மாடல்களையே தெய்வங்களாக அலங்கரித்துப் படமெடுத்தார்கள். பூவும் நகையும் திருநீறும் அந்தத் தோலின்மேல் எத்தனை எடுப்பாக இருந்தன!

கடற்கரையில் சூரியன் மேலேறியிருந்தது. படக்காரர் காமிராவின் சிறு திரையைக் காட்டினார். அந்தப் பெண் உற்றுப் பார்த்துவிட்டு, "கை மட்டும் தனியா தெரியுதே, அக்கா" என்றாள். பெட்டி மறுபடியும் திறந்தது.