டிராக்டரும் பந்தயக் காரும் ஒரே வயித்துப் பிள்ளைகள்

"மாமா, ஹெட்டைக் கழட்டிட்டேன். பிஸ்டனை மேல கொண்டு வரணும். கிராங்கைக் கொஞ்சம் சுத்தட்டுமா?"

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. வீடியோ காலில் அக்கா மகன். "டேய், சுத்தாதேடா மாப்ள!" என்று நான் கத்தியதில் கட்டுத்தறியில் படுத்திருந்த எருமை எழுந்து நின்றுவிட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அப்பா, "யாருக்கு என்னாச்சு?" என்றார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஊரில் வேலை பார்க்கிற மாப்ள, ஒரு பழைய டிரையம்ப் டிஆர்4 ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, அதன் இன்ஜினைத் தன் வீட்டு கராஜிலேயே பிரித்துப் போட்டிருக்கிறான். மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று அக்காவுக்குக் கவலை. எனக்கு வேறு கவலை. அந்த இன்ஜின் படத்தை முதல் நாள் அனுப்பியபோதே, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. நாலு ஓட்டையிலும் தனித்தனியாக லைனர். நம்ம கிணத்தடி ஆயில் இன்ஜின் மாதிரியே.

பட்டணத்தில் இருக்கிறவர்களுக்கு ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற குழாய்தான் சிலிண்டர். பல கார்களில் அது இரும்பு பிளாக்கிலேயே குடைந்தது. தேய்ந்துபோனால் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய் போரிங் போட வேண்டும். இன்னொரு ரகத்தில் சிலிண்டர் ஒரு தனிக் குழாய். அதுதான் லைனர். பிளாக்கில் செருகி வைத்திருப்பார்கள், அதைச் சுற்றி நேராகத் தண்ணீர் நிற்கும். தேய்ந்தால் பழசைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசைச் செருகலாம். களத்துமேட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்தே செய்துவிடலாம்.

ஒரே ஒரு ஆபத்து. அந்தக் குழாயை மேலே இருந்து அழுத்திப் பிடித்திருப்பது ஹெட்தான். ஹெட்டைக் கழட்டிய பிறகு கிராங்கைச் சுற்றினால், மேலே வருகிற பிஸ்டன் லைனரையும் சேர்த்துத் தூக்கிவிடும். அடியில் தண்ணீரைத் தடுக்கிற பேக்கிங் விலகும். மறுபடி அது கீழே உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், ஆனால் உட்கார்ந்திருக்காது.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2012-ல் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இருந்தது என்று உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் இளம்பிள்ளையில் விசைத்தறிச் சத்தமே நின்றுபோய், ஊர் செவிடானது மாதிரி இருக்கும். கடலை விழுது இறங்குகிற நேரம், தண்ணி கட்டியே ஆக வேண்டும். மூலையில் கிடந்த பழைய ஆயில் இன்ஜினை நானே பிரித்தேன். அப்பா, "மெக்கானிக் வரட்டும்டா" என்றார். எனக்குப் பொறுமையில்லை. ஹெட்டைக் கழட்டினேன், பிளைவீலைக் கையால் ரெண்டு சுற்று சுற்றினேன், கார்பனைச் சுரண்டினேன், மாட்டினேன். ஓடியது. மூணாவது நாள் ஆயிலைப் பார்த்தால் பால் ஊற்றின டீ மாதிரி இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிக்-எண்ட் பேரிங் பிடித்து நின்றுவிட்டது. அந்த வருசம் கடலையில் பாதிக்கு மேல் பொக்கு. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அதனால்தான் அந்தக் கத்தல். மாப்ள நாலு லைனரையும் வாஷர் போட்டு போல்ட்டால் அமுக்கிப் பிடித்துவிட்டுத்தான் மேலே வேலை பார்த்தான். அதற்குப் பிறகு அவனும் நானும் வாராவாரம் பேசியதில் கிடைத்த கதைதான் இந்தப் பதிவு.

கதை ஹாரி ஃபெர்குசன் என்பவரிடம் தொடங்குகிறது. அயர்லாந்தின் டவுன் மாவட்டத்து விவசாயி மகன், பிறந்தது 1884. அயர்லாந்தில் முதன்முதலாக விமானம் ஓட்டியவர், 1909-ல். ஆனால் அவர் பெயர் நிற்பது கலப்பையில். இன்றைக்கு எங்கள் ஊரில் எந்த கம்பெனி டிராக்டரை எடுத்தாலும், பின்னால் மூணு இடத்தில் கலப்பையை மாட்டி ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்குகிறோமே, அந்த ஏற்பாடு அவருடையது. அதற்கு முன்னால் வண்டிக்குப் பின்னால் மாடு கட்டின மாதிரி கலப்பையை இழுத்துக்கொண்டு போவார்கள். கலப்பை வேரிலோ பாறையிலோ மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவன் மேலேயே கவிழும்.

1938-ல் ஃபெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் எழுத்து எதுவும் இல்லாமல் கையைக் குலுக்கி ஒப்பந்தம் போட்டார்கள். கிழவர் இருக்கிறவரைக்கும் சரியாகத்தான் போனது. பேரன் பொறுப்புக்கு வந்ததும் கை விட்டார். ஃபெர்குசன் வழக்குப் போட்டு 1952-ல் 92.5 லட்சம் டாலர் வாங்கினார். நம்ம ஊரில் வாய்வார்த்தைக் குத்தகையில் நிலம் கொடுத்தவர்கள் படுகிற பாடுதான், தொகை மட்டும் பெரிசு.

அதற்குள் ஃபெர்குசன் இங்கிலாந்தில் வேறு ஆள் பிடித்திருந்தார். கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. அதன் தலைவர் சர் ஜான் பிளாக்கிடம், போர்க்காலத்தில் விமான இன்ஜின் செய்த பேனர் லேன் தொழிற்சாலை வேலையில்லாமல் கிடந்தது. 1946-ல் அங்கே டிஇ20 டிராக்டர் உற்பத்தி தொடங்கியது. சாம்பல் நிறம், சின்ன உருவம். முதலில் அமெரிக்காவின் கான்டினென்டல் இன்ஜினை வரவழைத்து மாட்டினார்கள். சீக்கிரமே ஸ்டாண்டர்ட் தன் சொந்த இன்ஜினைக் கொடுத்தது. நாலு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், மூணு மெயின் பேரிங், தண்ணீரில் நிற்கிற லைனர். 1956-க்குள் அந்த டிராக்டர் ஐந்து லட்சத்துக்கு மேல் வெளியே வந்தது. பெட்ரோல் ரகம், டீசல் ரகம் மட்டுமல்ல, மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயில் ஓடுகிற ரகமும் உண்டு.

ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் கூட்டத்தில், "டிஆர் இன்ஜினா? அது டிராக்டர் இன்ஜின்தானே" என்று கேலி பேசுவது வழக்கமாம். மாப்ளைக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அந்தக் கேலி பாதிதான் சரி. ஸ்டாண்டர்ட் அந்த இன்ஜினைத் தன் புதுக் காரான வான்கார்டுக்கும் டிராக்டருக்கும் சேர்த்தே உருவாக்கியது. ரெட்டைப் பிள்ளைகளில் டிராக்டர் முதலில் வயலுக்குப் போனது, கார் 1948-ல் ரோட்டுக்கு வந்தது. ரெண்டு பிளாக்கும் அச்சு அசல் ஒன்றல்ல. டிராக்டரில் இன்ஜினே வண்டியின் முதுகெலும்பு, தனிச் சட்டம் கிடையாது. ஆனால் உள்ளே இருக்கிற உயிர் ஒன்றுதான்.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், அதாவது ஸ்ட்ரோக், 92 மில்லிமீட்டர். பெட்ரோல் டிராக்டரிலும் சரி, பெட்ரோல் கார்களிலும் சரி, அதை மாற்றவே இல்லை. மாற்றியதெல்லாம் லைனரின் உள்வட்டம். டிராக்டரில் முதலில் 80, பிறகு 85. வான்கார்டில் 85, அதாவது 2088 சிசி. இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக டிஆர்2-வில் 83 ஆக்கினார்கள். 1991 சிசி வந்தது. டிஆர்4-ல் 86 போட்டு 2138 சிசி. பிளாக்கில் குடைந்த சிலிண்டராக இருந்தால் இப்படி விளையாடுவது சுலபமா? வயலில் ரிப்பேர் செய்யத் தோதாக வைத்த லைனர், பந்தயக்காரனுக்கு வசதியாகிவிட்டது. ஒன்றுக்குப் பதிலாக ரெண்டு கார்புரேட்டர், மாற்றின கேம் எல்லாம் சேர்ந்து, டிராக்டரில் முப்பது குதிரைசக்தியைத் தாண்டாத இன்ஜின் டிஆர்2-வில் 90 கொடுத்தது.

டிஆர்2-வின் முதல் மாதிரியை ஓட்டிப் பார்த்த கென் ரிச்சர்ட்சன், இது ஆளைக் கொல்கிற வண்டி என்றாராம். பிளாக் கோபப்படவில்லை, அவரையே வேலைக்கு வைத்துத் திருத்தச் சொன்னார். அப்படிச் செய்கிற முதலாளி அபூர்வம். 1953 மே மாதம் பெல்ஜியத்தில் ஜாபெகே என்ற இடத்து நெடுஞ்சாலையில் அதே ரிச்சர்ட்சன் டிஆர்2-வை மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். 1962-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இந்த இன்ஜின் வைத்த மார்கன் பிளஸ் 4 கார் தன் இரண்டு லிட்டர் பிரிவில் ஜெயித்தது. பந்தயம் முடிந்ததும் அதே காரை ஓட்டிக்கொண்டே ஊர் திரும்பினார்கள் அதன் ஓட்டுநர்கள் கிறிஸ் லாரன்ஸும் ரிச்சர்ட் ஷெப்பர்ட்-பாரனும்.

நடுவில் டிராக்டர்ப் பிள்ளையும் சும்மா இல்லை. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, ஃபெர்குசன் டிராக்டர்களில் ரப்பர் பட்டை சுற்றி அண்டார்டிகாவின் பனியில் சுமார் 2000 கிலோமீட்டர் ஓட்டி, 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தில் நிறுத்தினார். கார்க்காரர்கள் கேலி பேசும்போது இதைச் சொல்லிவிடு என்று மாப்ளையிடம் சொன்னேன்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு மதராசில் ஒரு பங்காளி இருந்தது, ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. சுதந்திரத்துக்குப் பிறகு தொடங்கிய கம்பெனி, வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. அங்கே வான்கார்டு கார்களைப் பூட்டி விற்றார்கள். பிறகு 1961-ல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு உங்கள் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும், முன்பக்கம் முழுசும் வாயைப் பிளந்த மாதிரி முன்னோக்கித் திறக்கும். அதில் இருந்தது வேறு சின்ன இன்ஜின், 948 சிசி. அதற்கும் வெளிநாட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உறவு உண்டு, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

நான் சொல்ல வந்தது 1985-ல் நடந்தது. இங்கிலாந்தில் 1977-ன் ஐரோப்பியச் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய ரோவர் எஸ்டி1 காரின் உடம்பை மதராசுக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டர்ட் 2000 என்று வெளியிட்டார்கள். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். சின்ன வயசில் சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை வாசலில் நின்றிருந்ததை நானும் என் சேக்காளியும் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றோம். உள்ளே என்ன இன்ஜின் தெரியுமா? இங்கிலாந்தில் அந்த உடம்புக்குள் 3500 சிசி வி8 கூட வைத்தார்கள். மதராசில் வைத்தது 1991 சிசி நாலு சிலிண்டர். எண்ணைப் பாருங்கள். நம்ம வான்கார்டு வழி வந்த அதே பழைய லைனர் இன்ஜின்!

அது ஓடவில்லை, அதாவது விற்கவில்லை. விலை ஜாஸ்தி, பெட்ரோலும் குடிக்கும். அதே நேரம் மாருதி வந்துவிட்டது. 1988-ல் கம்பெனியே நின்றுபோனது. எல்லாரும் இன்ஜினைக் குறை சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த இன்ஜின் மேல் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. சேற்றிலும் பனியிலும் உழைத்துவிட்டு நாற்பது வருசத்துக்குப் பிறகு கோட்டு சூட்டு மாட்டிக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால், பாவம், அது என்ன செய்யும்? டிரையம்பே 1967-ல் இதை விட்டுவிட்டு ஆறு சிலிண்டருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகும் நம்ம மதராசில் உயிரோடு இருந்தது.

சரி, மாப்ளையின் கராஜ். பழைய லைனரைத் தட்டி எடுத்தபோது பிளாக்கின் அடியில் விரல் தடிமனுக்குத் துருவும் சுண்ணாம்பும் களிமண் மாதிரி இறுகிக் கிடந்தது. நம்ம போர்வெல் தண்ணியைக் குறை சொல்கிறோம், கோவென்ட்ரித் தண்ணியும் அப்படித்தான். சுரண்டவே ரெண்டு வாரம் போனது. கிராங்கை மட்டும் வெளியே கிரைண்டிங்குக்குக் கொடுத்தான். அது வீட்டில் ஆகாத வேலை. மற்றதெல்லாம் அவனே. லைனருக்கு அடியில் ரெண்டு ரெண்டாகச் சேர்த்து எட்டு எண் வடிவத்தில் ஒரு பேக்கிங் வரும். அதை உட்காரவைத்துப் புது லைனரை இறக்கினால், அதன் விளிம்பு பிளாக்கின் மேல்மட்டத்தைவிட ஆயிரத்தில் மூணு முதல் ஐந்து பங்கு அங்குலம் வரை துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் ஹெட் அதை அமுக்கிப் பிடிக்கும். குறைந்தால் தண்ணி இறங்கும். நாலில் மூணு சரியாக இருந்தது. மூணாவது லைனர் மட்டும் ரெண்டுதான் காட்டியது.

"பரவாயில்ல மாமா, இறுக்கினா சரியாயிடும்."

"எனக்கும் அப்படித்தான்டா தோணுச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். 2012 கதை அவனுக்குத் தெரியும். அன்று ராத்திரியே வெளியே எடுத்துப் பார்த்தான். லைனர் உட்காருகிற படியில் நெல்மணி அளவுகூட இல்லாத ஒரு துருப்பொடி பேக்கிங்கைக் கோணலாக்கி வைத்திருந்தது. அந்த இடத்தையே திரும்பச் சுரண்டித் துடைத்து, புதுப் பேக்கிங் வரவழைத்துப் போட்டதும் நாலும் நாலரையும்.

சித்திரை முதல் வாரம் இன்ஜின் ஓடியது. முதல் சத்தம் கேட்டதும் போனை அப்பா பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "டிராக்டர் வாங்கிட்டானா?" என்றார். மாப்ள சிரித்ததில் போன் கையிலிருந்து விழப் பார்த்தது.

மூணு நாள் ஓட்டிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். இந்தத் தடவை அப்பாவே கேட்டார், அந்த ஆயில் குச்சியை எடுத்து வெளிச்சத்தில் காட்டச் சொல்லி. மாப்ள துணியில் துடைத்து, மறுபடி முக்கி எடுத்து, கேமரா முன்னால் பிடித்தான். தேன் நிறத்தில் இருந்தது.

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பால் கலக்கல" என்று சொல்லிவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.