கேட்கத் தெரிந்த நடிகர்

உற்சவ காலத்தில் எல்லோரும் சுவாமியைத்தான் கும்பிடுகிறார்கள். வாகனத்துக்குத் தோள் கொடுத்து வருகிறவர்களின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? தமிழ்ப் படவுலகில் அப்படி 36 ஆண்டுகள் தோள் கொடுத்தவர் டி. எஸ். பாலையா.

நாடக மேடையில் பழகிய அவர் திரைக்கு வந்தது 1936-இல், ‘சதிலீலாவதி’ படத்தில். எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய கதை அது. டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். எம். ஜி. ஆர். ஒரு சிறு வேஷத்தில் முதன்முதலாக முகம் காட்டியதும் அதிலேதான். அவர் 1977-இல் முதலமைச்சரே ஆகிவிட்டார். கதாநாயகனைக் குடியில் தள்ளும் வில்லனாக வந்த பாலையாவோ, கடைசி வரையில் பிறருடைய கதைகளுக்குத் துணையாகவே நின்றார். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் துணைப் பாத்திரங்களுக்கென்று ஆஸ்கார் பரிசு ஏற்பட்டதும் அதே 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான்! அங்கே தோள் கொடுத்தவனுக்கும் ஒரு மாலை விழுந்தது.

‘அம்பிகாபதி’யிலும் (1937) ‘தூக்குத் தூக்கி’யிலும் (1954) நம்மைப் பல்லைக் கடிக்க வைத்தவர், வயது ஏற ஏறச் சிரிக்க வைத்தார். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சி யாருக்குத்தான் மறக்கும்? பேசுவதெல்லாம் நாகேஷ்தான். பாலையா நடுநடுங்கிக் கேட்கிறார்; அவ்வளவுதான்.

ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சேரப்பணஞ்சேரியில், இரவு ஷிப்டு முடிந்து டீ குடித்த சில வடநாட்டு இளைஞர்கள் கைப்பேசியில் அந்தக் காட்சியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்ததை நான் கண்டேன். தமிழ் அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. நாகேஷின் வசனம் புரியாதவர்களுக்குப் பாலையாவின் முகம் புரிந்துவிட்டது!

‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ஹேமநாத பாகவதராகச் செருக்கோடு வருகிறார். விறகு வெட்டியின் பாட்டைக் கேட்கக் கேட்க அந்தச் செருக்கு முகத்திலேயே கரைந்து போகிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் தவில் வித்துவான். நாதஸ்வரத்தைக் காது கொடுத்துக் கேட்டு உடன் செல்வதே அவர் தொழில்.

பாலையா 1972-இல் காலமானார். நம் வீடுகளில் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, கேட்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். அடுத்த முறை அந்தத் திகில் கதை வரும்போது நாகேஷை விட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரைச் சற்றுப் பாருங்கள். கதை எங்கே நடக்கிறது என்று தெரியும்.